எண்பத்திரண்டு

பதினான்காம் வளைவில் நின்றுவிட்டது வண்டி.
போன ஞாயிறு.
ஊசி சிவப்பைத் தாண்டி எங்கோ போயிருந்தது.
பானட்டுக்கு அடியிலிருந்து இட்லி வேகிற ஆவி,
வாசம் மட்டும் இட்லி இல்லை.
யாழி அழவில்லை. குரங்குகளுக்கு முறுக்கு கொடுத்தாள்,
அல்லது குரங்குகள் எடுத்துக்கொண்டன.
ஏரி இன்னும் ஆறு வளைவு மேலே.
படகுக்கு வைத்திருந்த காசும்
வண்டியைக் கட்டி இழுத்து இறக்குவதற்கே போயிற்று.

ஐந்து ரோட்டு மெக்கானிக் பானட்டைத் திறக்காமலே சொன்னார்:
"ஹெட்டு போயிருக்கும்க்கா. பதினெட்டு ரூபா ஆகும்."
பதினெட்டாயிரத்தைப் பதினெட்டு ரூபா என்கிறவர்கள் மேல்
எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

தவிர, மலையில் நான் தொட்டுப் பார்த்திருந்தேன்.
எஞ்சினில் கை வைக்க முடியவில்லை.
ரேடியேட்டரோ
விடியற்காலை அம்மிக்கல் மாதிரி ஜில்லென்று.
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று
கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்.
செவ்வாய்ப்பேட்டையில் முன்னூற்று நாற்பது, பேக்கிங் சேர்த்து.

இந்த ஞாயிறு, காலை எட்டு, ஜாகீர் அம்மாபாளையம்.
இரும்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரி தூங்குகிறார்.
இந்தப் பக்கம் வண்டி.
துருப்பிடித்த போல்ட்டைச் சத்தமில்லாமல் கழற்றுவது எப்படி என்று
யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.
மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு. காத்திருப்பு.
இன்னும் இரண்டு.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைப் பழைய பனியனில் சுற்றி
மூச்சைப் பிடித்து
க்ரீச்.
உள்ளே கட்டில் முனகியது.
நானும் யாழியும் திருடிகளைப் போல
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாளியில் பச்சைத் தண்ணீர்.
"இனிக்கும். விஷம்" என்றேன்.
தெருநாய் நினைப்பு வந்து
யாழி அதன்மேல் பலகை வைத்தாள், பலகைமேல் கல்.

மூடியை எடுத்தால் உள்ளே அது,
ஜாங்கிரி அளவு, பித்தளை நிறம்.
நடுவே மெழுகு அடைத்த குமிழ், விளிம்பில் பொறித்த 82.
அந்தச் சூட்டில் மெழுகு இளகி, உப்பி
கதவைத் தள்ளித் திறக்க வேண்டும்.
இதை வைத்து எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதலாம்.
எழுதமாட்டேன். அர்த்தநாரி படித்துவிடுவார்.

பால் குண்டானில் தண்ணீர் வைத்து
பழையதையும் புதியதையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
யாழி ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்தாள்.
அது நாற்பத்திரண்டோடு கையை விரித்துவிடும்,
மனிதர்களுக்குச் செய்தது.
குமிழிகளைத்தான் நம்ப வேண்டும்.
முதலில் அடியில் கடுகு கடுகாய்.
அப்புறம் மிளகு.
மிளகு வந்ததும் புதியது
மெல்ல, கோழிக்குஞ்சு போல, வாயைத் திறந்தது.
"அம்மா!" என்றாள், சத்தமில்லாமல்.
பழையது
தண்ணீர் தளைத்துப் பொங்கியும் திறக்கவில்லை,
பதினெட்டாயிரத்தை வாய்க்குள் அடக்கியபடி.

ஒட்டியிருந்த பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டி
காற்றுப் போகும் சின்ன ஓட்டை மேலே வரும்படி வைத்து
இறுக்கினேன், ஊற்றினேன், குமிழி அடங்கும்வரை
மறுபடி ஊற்றினேன்.
இனிச் சத்தத்துக்குத் தப்ப வழியில்லை.
சாவியைத் திருப்பினேன்.

லுங்கியோடு வந்து நின்றார்.
என்ன செய்தாய் என்று கேட்கவில்லை.
மூன்று பேரும் ஊசியைப் பார்த்தோம்.
அது ஏறி, பாதியில் நின்று, அங்கேயே இருந்தது.
ஃபேன் சுற்றியது. ஓய்ந்தது. சுற்றியது.
ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தார்,
ராத்திரியெல்லாம் சிவந்த இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர்.
"சுடுது" என்றார்,
அவ்வளவு சந்தோஷமாக.

பிறகு சமையலறையிலிருந்து குரல்:
"காபிக்குப் பால் வைக்கணும், குண்டானைக் காணோமே?"

யாழி என்னைப் பார்த்தாள்.
பதினான்காம் வளைவு தாண்டட்டும்,
சொல்லிக்கொள்ளலாம்.